தோமையார் பள்ளிச் சிறுவர்கள்

பங்குப் பேரவை கூடும்போதெல்லாம் பாடகர் குழுவைப் பற்றிய குறை ஒன்று தவறாமல் வந்து சேரும். ஒலிபெருக்கியின் சத்தம் செவியைப் பிளக்கிறது என்பார் ஒருவர். வாரந்தோறும் புதுப்பாடலாகவே பாடி மக்களின் வாயை அடைத்துவிடுகிறார்கள் என்பார் மற்றொருவர். பாடத் தெரியாத பிள்ளைகளையெல்லாம் ஏன் முன்வரிசையில் நிறுத்துகிறீர்கள் என்று கேட்பவரும் உண்டு. தம் பிள்ளையை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பவரும் உண்டு. சில வேளைகளில் இவ்விருவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவராகவே இருப்பர். குருத்துவப் பணியில் பல பங்குகளைக் கண்டுவிட்ட நாம், இக்குறைகள் நம் காலத்தில் தோன்றியவை என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தோம். ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரில் 800 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடிவரும் ஒரு பள்ளிப் பாடகர் குழுவின் வரலாற்றைப் படித்தபோது, இவற்றின் வயது என்ன என்பது விளங்கியது.

அப்பள்ளியின் பெயர் புனித தோமையார் பள்ளி. நாம் பறங்கிமலையிலும் மயிலையிலும் வணங்கிக் கொண்டாடுகின்ற அதே திருத்தூதர் தோமையார்தாம். ஐரோப்பாவின் நடுவே, கடலும் இல்லாத ஓர் உள்நாட்டு வணிக நகரில் நமது தோமையாருக்கு எப்படிக் கோவில் எழுந்தது என்று கேட்டால், அதற்கும் ஒரு மரபுக்கதை உண்டு. ஐன்ரிக் ஃபொன் மோருங்கன் என்னும் பாணர், காதற் பாடல்களால் பெயர் பெற்றவர், இந்தியாவுக்குப் பயணம் செய்து தோமையாரின் திருப்பண்டம் ஒன்றைக் கொணர்ந்து லைப்சிக் மடத்துக்கு அளித்தார் என்றும், தம் இறுதி நாள்களை அம்மடத்திலேயே கழித்தார் என்றும் சொல்வர். அவர் உண்மையில் இந்தியாவரை வந்தாரா என்பது ஆராய்ச்சியாளர்க்கு உரிய கேள்வி. மயிலையின் புகழ் அந்நாளிலேயே அவ்வளவு தொலைவு எட்டியிருந்தது என்பது நமக்குப் போதும்.

1212ஆம் ஆண்டு மைசன் பகுதியின் ஆட்சியாளரான டீட்ரிக் பிரபு, புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றிய துறவியருக்காக இம்மடத்தை ஏற்படுத்தினார். அவ்வாண்டு மார்ச் 20ஆம் நாள் பேரரசர் நான்காம் ஒட்டோ அதை உறுதி செய்தார். மடத்தோடு சேர்ந்து சிறுவர்க்கான பள்ளியும் எழுந்தது. உணவு, உறைவிடம், கல்வி ஆகிய மூன்றும் சிறுவர்க்குக் கிடைக்கும். அதற்கு ஈடாக அவர்கள் திருப்பலியிலும் மணிச்செபங்களிலும் பாட வேண்டும். வந்தவர்கள் பெரும்பாலும் வறிய வீட்டுப் பிள்ளைகள். பிற்காலத்தில் அவர்கள் வீதி வீதியாகப் பாடிச் சென்று காசு திரட்டும் வழக்கமும் இருந்தது. திருமணத்துக்கும் பாடினர், இறந்தோரைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும்போதும் பாடினர். டிசம்பர்ப் பனியில் கேரல் பவனிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு கேக்கும் காபியும் பெற்றுத் திரும்புவார்கள். அச்சிறுவர்கள் பாடியதோ மறுநாள் உணவுக்காக.

1539இல் அந்நகரம் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றது. மடம் கலைந்தது, துறவியர் போயினர். சில ஆண்டுகளில் பள்ளியை நகராட்சி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பாடகர் குழு மட்டும் கலையவில்லை. நம் குருமட நாள்களில் திருச்சபை வரலாற்றை நாம் பிளவுகளின் வரலாறாகவே பெரிதும் படித்தோம்: இன்ன ஆண்டு இவர் பிரிந்தார், இன்ன சங்கம் இதைக் கண்டித்தது என்று. பிளவுக்கு முந்தைய நாள் மாலை பாடிய அதே சிறுவர்கள், பிளவுக்குப் பின்னும் அதே கோவிலில், அதே வரிசையில் நின்று பாடியிருப்பார்களே என்பதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை.

இனி அந்தப் பெரும்பெயருக்கு வருவோம். 1723இல் இப்பள்ளியின் பாடகர் தலைவராக யோகான் செபஸ்தியான் பாக் பொறுப்பேற்றார். நகரப் பேரவை முதலில் நாடியது அவரை அன்று. தெலமான் என்பவரை அழைத்தது, பின்பு கிராவ்ப்னர் என்பவரை. இருவரும் வர இயலாமற் போகவே பாக்குக்கு அவ்விடம் கிடைத்தது. 27 ஆண்டுகள், 1750இல் இறக்கும்வரை, பள்ளிக் கட்டடத்திலேயே மனைவி மக்களோடு குடியிருந்தார். இசை கற்பித்ததோடு இலத்தீனும் கற்பிக்க வேண்டும் என்பது பணி ஒப்பந்தம். அந்தச் சுமையைத் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து உடன் ஆசிரியர் ஒருவரிடம் தள்ளிவிட்டார். இன்று உலகம் வியந்து கேட்கும் வழிபாட்டு இசைக்கோவைகள் பலவும், வரும் ஞாயிறு இச்சிறுவர்கள் பாடுவதற்கென்று அவசர அவசரமாக எழுதப்பட்டவை. முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ வாரம் ஒன்று. மை உலர்வதற்குள் பிரதி எடுத்து, சில நாள்களில் பயின்று, ஞாயிறு காலை பாட வேண்டும். ‘புதுப்பாடலாகவே பாடுகிறார்கள்’ என்ற குறை அங்கும் எழுந்திருக்குமோ என்று நமக்கு ஒரு குறும்பான ஐயம்.

1730ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் பாக் நகரப் பேரவைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். நன்கமைந்த கோவில் இசைக்கு என்னென்ன வேண்டும் என்பதைச் சொல்லும் விண்ணப்பம் அது. அதே மாதத் தொடக்கத்தில், அவர் தம் கடமையைச் சரிவரச் செய்வதில்லை என்று பேரவையில் கடுமையாகப் பேசப்பட்டிருந்தது. ஆகவே விண்ணப்பத்தின் தொனியில் சிறிது சூடும் உண்டு. ஒரு பாடகர் குழுவுக்குக் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 பேர் இருந்தால் நலம் என்கிறார். ஏனெனில் பருவம் மாறும்போது யாராவது ஒருவனுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். நம்பாவிட்டால் பள்ளி மருத்துவர் மருந்துக்கடைக்கு எழுதித் தந்த சீட்டுகளைப் பாருங்கள் என்கிறார். இதைப் படித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம். கார்த்திகை மழை தொடங்கியதும் கோவில்பதாகை ஏரிக்காற்றில் நம் பிள்ளைகளுக்கும் வரிசையாகத் தொண்டை கட்டும். அதுவும் திருவருகைக் காலத்தில்தான்.

அந்த விண்ணப்பத்தின் இறுதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. தம் மாணவர்கள் 54 பேரையும் பெயர் சொல்லி மூன்றாகப் பிரிக்கிறார். பயன்படக் கூடியவர்கள் 17. இன்னும் பயிற்சி பெற்றால் பயன்படக் கூடியவர்கள் 20. எதற்கும் உதவாதவர்கள் 17. நகரத்தில் நான்கு கோவில்கள். நான்கிற்கும் இந்த 54 பேரிலிருந்துதான் அனுப்ப வேண்டும். சிறந்தவர்கள் தோமையார் கோவிலுக்கும் நிக்கோலாசு கோவிலுக்கும் செல்வர். எஞ்சியவர்கள், அதாவது இசையே அறியாமல் எளிய ஞானப்பாட்டை மட்டும் ஒருவாறு பாடக் கூடியவர்கள், பேதுரு கோவிலுக்கு. திறமை பாராமல் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதால்தான் இந்நிலை என்பது அவரது வாதம். பேரவை அவர் கேட்டதைச் செய்ததாகத் தெரியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் பழைய நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் அவர் மனக்கசப்பை மறைக்கவே இல்லை. நகரத்தில் காற்று நன்றாக இருந்ததால் முந்தைய ஆண்டு சாவு குறைந்து, அடக்கச் சடங்குகளின் வழியாக வரும் வருமானத்தில் 100 தாலருக்கு மேல் நட்டம் என்றும் அதில் எழுதினார். பெரும் மேதையும் குழந்தைகள் நிறைந்த வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டியவர்தானே!

17, 20, 17 என்ற அந்தக் கணக்கு நம் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம், நமது பங்கிலும் சென்ற திருவருகைக் காலத்தில் அத்தகைய ஒரு பட்டியல் உருவானதுதான்.

கோவில்பதாகையில் நமது இறைமக்கள் பெரும்பாலும் பிற மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை, காவல்படை என்று பிழைப்பு நாடி வந்த தலைமுறை ஒன்று. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பாடலைக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரே பாடலை நெல்லைக்காரர் ஒரு விதமாகவும் தஞ்சைக்காரர் ஒரு விதமாகவும் இழுப்பார்கள். சனிக்கிழமை மாலைகளில் பள்ளிப் பிள்ளைகள் 40 பேருக்கு மேல் பயிற்சிக்குக் கூடுவார்கள். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் பொறுப்பாகக் கற்றுத் தருகிறார். கீபோர்டும் அவரே வாசிக்கிறார். பாடற்போட்டி ஒன்றுக்காக 16 பெயர்களை எழுதி நம்மிடம் கொண்டு வந்தார். பட்டியலில் இல்லாதவர்கள் போட்டி முடியும்வரை பயிற்சிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றும் கேட்டார்.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் வந்து நின்றார். அவருடைய மகன் எட்டாம் வகுப்பு படிப்பவன்.

“ஃபாதர், அவனுக்குச் சுருதி சேராதுன்னு எனக்கும் தெரியும். சனிக்கிழமை ஆனா மூணு மணிக்கே சட்டை மாத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறான். வராதேன்னு நான் எப்படிச் சொல்லட்டும்?”

இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவரும் தம் தரப்பில் உறுதியாகவே நின்றார். “எல்லாரையும் நிறுத்தினா, நல்லாப் பாடுற பிள்ளைங்களோட உழைப்பு வீணாப் போயிடும் ஃபாதர். அதுவும் பாவம்தானே?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. இறைவனுக்குப் படைப்பது பழுதற்றதாக இருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டுக் காலந்தொட்டு நமக்குள் ஊறிய எண்ணம். இசையில் அக்கறையின்மையைப் பக்தி என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்ளலாகாது. பத்தாம் பயஸ் 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், பாடகரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திரு இசை பற்றிய கட்டளை மடலை வெளியிட்டபோது இந்த அக்கறையின்மையைத்தான் கடிந்தார். பங்குகள்தோறும் பாடகர் பள்ளிகள் எழ வேண்டும் என்றார். எனினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தந்த திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, 114ஆம் எண்ணில், பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்லும் அதே மூச்சில், கூடியிருக்கும் இறைமக்கள் அனைவரும் தமக்குரிய பங்கைப் பாடுமாறு பார்த்துக்கொள்ளும் கடமையையும் ஆயர்களுக்கும் குருக்களுக்கும் விதிக்கிறது. இவ்விரண்டையும் ஒரே பங்கில், ஒரே சனிக்கிழமையில் எப்படிச் செய்வது என்பது இறையியல் வகுப்பில் கிடைக்கும் விடை அன்று.

பேதுரு கோவிலுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களைப் பற்றி நாம் அடிக்கடி எண்ணுகிறோம். பாக்கின் இசைக்கோவைகள் அவர்கள் வாயில் நுழையவில்லை. மக்களுக்குத் தெரிந்த எளிய ஞானப்பாட்டுகளை, மக்கள் நடுவே நின்று, மக்களோடு சேர்ந்து பாடினார்கள். உதவாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் செய்த வேலைதான் 1963இல் நமது சங்கம் எல்லாக் கோவில்களுக்கும் கேட்ட வேலை என்று ஒருவர் வாதிட்டால், அவரை மறுக்க நம்மிடம் உடனடி விடை இல்லை. அதே வேளையில், அந்த முதல் 17 பேர் இல்லையேல் மத்தேயு நற்செய்தியின் பாடுகளை இசையில் கேட்கும் பேறு உலகுக்குக் கிடைத்திராது என்பதையும் மறைக்க முடியாது.

நமது பங்கில் முடிவு இதுவாயிற்று: போட்டிக்கு 16 பேர்; சனிக்கிழமைப் பயிற்சிக்கும் ஞாயிறு திருப்பலிக்கும் எல்லாரும். முதல் ஒரு மணி நேரம் அனைவருக்கும் பதிலுரைப் பாடலும் திருப்பலிப் பாடல்களும். அதன் பின்னரே போட்டிப் பாடல். இளைஞருக்கு இதில் முழு நிறைவில்லை, அந்தத் தாய்க்கும் இல்லை. இருவரும் பொறுத்துக்கொண்டார்கள்.

லைப்சிக் குழு பாக்கோடு முடிந்துவிடவில்லை. அவருடைய மாணவர் தோலெஸ் தலைவராக இருந்தபோது, 1789இல் அந்நகருக்கு வந்த மோட்சார்ட்டுக்கு இச்சிறுவர்கள் 149ஆம் திருப்பாடலைத் தொடக்கமாகக் கொண்ட பாக்கின் இசைப்பாடலைப் பாடிக் காட்டினர். அவர் மெய்ம்மறந்து எழுந்து, அதன் இசைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கித் தம்மைச் சுற்றிலும் பரப்பி வைத்துப் படித்தார் என்பர். பாக் இறந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகியும், உலகம் அவரைப் பெரிதும் மறந்திருந்த நிலையில், பள்ளிப் பிள்ளைகள் அவரை மறக்கவில்லை. மேதைகளைக் காப்பாற்றி வைப்பது பல வேளைகளில் அறிஞர்கள் அல்லர், வாரந்தோறும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளே என்பது நம் எண்ணம்.

20ஆம் நூற்றாண்டு அவர்களைக் கடுமையாகவே சோதித்தது. நாசி ஆட்சி தன் இளைஞர் படையின் வளையத்துக்குள் அவர்களைக் கொண்டு வந்தது. 1943 டிசம்பர் 4ஆம் நாள் லைப்சிக் நகர்மீது குண்டுமாரி பொழிந்தபின் சிறுவர்கள் கிரிம்மா என்னும் சிற்றூருக்கு மாற்றப்பட்டு, போர் முடியும்வரை அங்கே தங்கினர். பிறகு கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட கிழக்கு ஜெர்மன் அரசு. வெளிநாடுகளில் தன் பெருமையைப் பாடிக் காட்ட இக்குழு வேண்டும் என்பதால் அவ்வரசும் இதைக் கலைக்கவில்லை. சிறுவர்கள் கோவிலில் பாடிக்கொண்டே இருந்தனர். கல்லறைத் தோட்டத்தில் இருந்த பாக்கின் எலும்புகள் முன்பே தோண்டி எடுக்கப்பட்டிருந்தன. 1950இல் அவை தோமையார் கோவிலின் பீடத்தருகே வைக்கப்பட்டதும் அந்த ஆட்சிக் காலத்தில்தான். ஆட்சிகள் தமக்கு வேண்டியதை எண்ணிச் செய்கின்றன; அவற்றின் வழியாக வேறு சிலவும் நடந்துவிடுகின்றன.

தொலைதூரத்து ஊரின் கதையை நம் வாசகர்க்கு இவ்வளவு விரித்துச் சொல்வானேன் என்று கேட்கலாம். அது அவ்வளவு தொலைவு அன்று. 1742 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் சென்னையில் பணியாற்றிய லூத்தரன் குரு பிலிப்பு பப்ரிசியு, தமிழ் விவிலியத்தையும் அகராதியையும் தந்ததோடு, ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கினார். பேதுரு கோவிலில் அந்த ‘உதவாத’ சிறுவர்கள் பாடிய மெட்டுகள் சில, அதே காலத்தில் சென்னையில் தமிழ்ச் சொற்களோடு ஒலித்திருக்கும். பின்பு 1848இல் லைப்சிக் நகரையே தலைமையிடமாகக் கொண்ட லூத்தரன் மறைபரப்புச் சங்கம் தரங்கம்பாடிப் பணியைத் தொடர்ந்தது. அதன் தலைவர் கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். நம் பிரிந்த சகோதரரின் கோவில்களில் இன்றும் அந்த மெட்டுகளைக் கேட்கலாம். தமிழின் ஓட்டத்துக்கு அவை சற்று விறைப்பானவை என்பது நம் சொந்தக் கருத்து. கர்நாடக இராகத்தில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வழியே நம் செவிக்கு இனியது. ஆனால், நான்கு குரல்களில் ஒருமித்துப் பாடும் ஒழுக்கத்தை அந்த விறைப்பான மெட்டுகளே நம் நாட்டுக்குக் கற்றுத் தந்தன.

2021இல் தோமையார் பள்ளிக்குப் புதிய பாடகர் தலைவராக ஆந்திரேயாஸ் ரைட்சே என்பவர் பொறுப்பேற்றார். சுவிட்சர்லாந்து நாட்டவர், கத்தோலிக்கர். சீர்திருத்தத்துக்குப் பின் அப்பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர் அவர்தாம். 1539இல் மூடிய கதவு ஏறத்தாழ 480 ஆண்டுகள் கழித்து, எந்தச் சங்கமும் கூடாமல், எந்த உடன்படிக்கையும் எழுதாமல், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தர ஓர் ஆசிரியர் தேவைப்பட்டதால் திறந்தது. இப்போது அக்குழுவில் 9 வயது முதல் 18 வயதுவரை ஏறத்தாழ 100 பேர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கும் விடுதியைத் தங்களுக்குள் ‘பெட்டி’ என்று அழைத்துக்கொள்கிறார்களாம். வெள்ளி மாலையிலும் சனி பிற்பகலிலும் கோவிலில் பாடுகிறார்கள். இன்றளவும் அது ஆண்பிள்ளைகளின் குழுதான். நமது பங்கிலோ பெண்பிள்ளைகள் வராவிட்டால் குழுவே இல்லை.

அவர்களுக்குள்ள ஒரு தொல்லை நமக்கும் உண்டு. பாக்கின் காலத்தில் சிறுவர்களின் குரல் 16, 17 வயதில்தான் உடைந்தது என்று பள்ளிப் பதிவேடுகளை ஆராய்ந்தவர் கண்டிருக்கிறார். இன்று நல்ல உணவு கிடைப்பதால் 13 வயதளவிலேயே உடைந்துவிடுகிறது. ஒரு சிறுவனைப் பழக்கி எடுப்பதற்குள் அவன் குரல் போய்விடுகிறது. லைப்சிக்கில் குரல் உடைந்த பையனை வீட்டுக்கு அனுப்புவதில்லை. அவன் விடுதியிலேயே இருப்பான், குரல் தெளிந்தபின் கீழ்க்குரல் வரிசைக்குத் திரும்புவான். இங்கே அப்படி ஒரு வரிசையே இல்லை. பாடிய பையன் ஒரு நாள் கரகரத்த குரலில் பாட, பெண்பிள்ளைகள் சிரிக்க, மறுவாரம் அவன் வருவதில்லை. அதோடு பாட்டு மட்டும் நிற்பதில்லை. சிலருக்குக் கோவிலும் நின்றுவிடுகிறது. கோவிலின் பின்புறச் சுவரோரம் ஞாயிறுதோறும் கைபேசியோடு நிற்கும் இளைஞர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் நன்றாகப் பாடியவர்கள் என்று பெயர் சொல்ல நம்மால் முடியும்.

போட்டி முடிந்த பிறகு இதைப் பற்றிப் பாட்டுச் சொல்லித் தரும் இளைஞரிடம் பேசினோம். அவரும் அப்படி இரண்டாண்டுகள் வராமல் இருந்தவர்தான் என்று அன்றுதான் சொன்னார். இப்போது சனிக்கிழமைகளில் பின்வரிசை என்று ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறார். பெரிய பையன்கள் மூவர் வருகிறார்கள். அவர்களுக்கென்று எளிதாக, மூன்று நான்கு சுரங்களுக்குள் நிற்கும் கீழ்க்குரல் ஒன்றை அவரே எழுதித் தருகிறார். இருவர் மெல்லப் பாடுகிறார்கள். மூன்றாமவன் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆயினும் தபேலாவை அறையிலிருந்து தூக்கி வருபவனும், பயிற்சி முடிந்தபின் உறையிட்டுத் திரும்ப வைப்பவனும் அவன்தான்.